வியாழக்கிழமைக்கு ஒரு பெயர்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேல் பிரிவான மேற்கணக்கில், தண்ணீர்ப் பீலிக்கு மேலே இருக்கிற லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். சுதர்ஷினி என்று ஒருத்தி அங்கே இருக்கிறாளா என்று யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். மதுரன் அம்மா எங்கே என்று கேளுங்கள், இடுப்பில் இருக்கிற குழந்தைகூட ஐந்தாவது வீட்டுப் பக்கம் கையை நீட்டும். இரண்டு பேரும் ஒருத்திதான்.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. லயத்தில் ஒரு பெண்ணுக்குச் சொந்தப் பெயர் என்பது முதல் பிள்ளை வரும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு அவள் இன்னார் அம்மா. மலையில் கொழுந்து நிறுக்கும்போது தோட்டத்துப் பேரேட்டில் உள்ள செக்ரோல் நம்பர், நூற்றுப் பதினாலு. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும், வாக்குப் போடுகிற அன்றைக்கு மட்டும் எழுந்து வெளியே வரும்.

அதிசயம் என்னவென்றால், மதுரனைப் பெற்றது இவள் இல்லை.

வட்டவளையிலிருந்து இருபத்தொரு வயதில் முத்துலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு இந்த லயத்துக்கு வந்தாள் சுதர்ஷினி. முத்துலிங்கம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், நாலு வார்த்தைக்கு மேல் ஐந்தாவது வார்த்தை பேச யோசிப்பான். ஐந்து வருசம் பிள்ளை இல்லை. லயத்துக்கு அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. லிங்கம் பொண்டாட்டி என்றார்கள், ஐந்தாவது வீட்டுப் புள்ள என்றார்கள், பல நேரம் "இந்தா" என்றார்கள். அப்போதுதான் தங்கச்சி யோகராணி பதினொரு மாதக் கைக்குழந்தையோடு வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தாள். புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டான், இவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள்.

"ரெண்டே ரெண்டு வருசம்க்கா. கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துருவேன்."

கண்ணை மூடித் திறக்க ஆறு வருசம் ஆனது. பிள்ளை முதலில் "ம்மா" என்றது சுதர்ஷினியைப் பார்த்துத்தான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த வாரமே லயம் பெயரை மாற்றிவிட்டது. அவள் மதுரன் அம்மா, முத்துலிங்கம் மதுரன் அப்பா. ஆறு வருசம் கழித்து யோகராணி வந்தாள், வத்தளையில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளையைக் கேட்டாள், கூட்டிக்கொண்டு போனாள். இப்போது அவனுக்குப் பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவான். "பெரியம்மா, சாப்டிங்களா" என்பான். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் கடைசியில் மெல்ல "வைக்கிறேன்ம்மா" என்பான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் ஞாயிறு முழுக்கப் போனைக் கையை விட்டு வைக்க மாட்டாள்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவள் பெயரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கொடுத்தது யோகராணி இல்லை, லயம். கொடுத்ததைத் திருப்பி வாங்கும் வழக்கம் அந்த லயத்துக்கு இல்லை.

இரண்டு வருசத்துக்கு முன்னால் கிளினிக்கில் ஒரு நர்ஸ், நீங்கள் முறைப்படி விண்ணப்பித்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கலாமே என்று சொன்னாள். அன்றிரவு முத்துலிங்கம் ஆச்சரியமாக முழுதாக ஒரு வாக்கியம் பேசினான். "எனக்கும் ஆசைதான், நீ என்ன சொல்லுவியோன்னு சும்மா இருந்தேன்." படிவம் வந்தது. தொழிற்சங்கத் தலைவர் வீரய்யாதான் நிரப்பிக் கொடுத்தார். வீடு யாருக்குச் சொந்தம் என்று ஒரு கேள்வி. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இருக்கிறார்கள், ஆனால் சொந்தம் இல்லை. வீரய்யா பேனாவைக் கடித்து யோசித்து, "தோட்டம்" என்று எழுதினார். இதற்கு முன் பிள்ளை வளர்த்த அனுபவம் உண்டா என்று இன்னொரு கேள்வி. சுதர்ஷினி வாயைத் திறப்பதற்குள் அவர் "இல்லை" என்று எழுதிவிட்டார்.

"என்னா தலைவரே, மதுரன வளத்தேனே!"

"வளத்து விட்டுட்டீங்கள்ல? அத எழுதுனா, இவங்க இந்தப் புள்ளயையும் நாளைக்கு யார்கிட்டயாச்சும் தூக்கிக் குடுத்துருவாங்கன்னு எழுதிப் பைல மூடிருவாங்க. எனக்கு ஆபீசு நடப்பு தெரியும்மா. பேசாம கையெழுத்தப் போடு."

போட்டாள். போட்டது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை அப்போது.

இந்த மாதம் கடிதம் வந்தது. அடுத்த வியாழக்கிழமை பெண் அதிகாரி ஒருவர் வீட்டைப் பார்வையிட வருவார், கணவன் மனைவி இருவரும் இருக்க வேண்டும். அவ்வளவுதான் இருந்தது. என்ன பார்ப்பார், எதைக் கேட்பார், எது இருந்தால் நல்லது, எது இருந்தால் கெட்டது, ஒரு வரி இல்லை. அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதத் தெரியும், விளங்க எழுதத் தெரியாது. விளங்கச் சொல்ல லயத்தில்தான் ஆள் இருக்கிறதே!

சுவருக்குச் சுண்ணாம்பு அடி என்றார்கள், அடித்தார்கள். சுண்ணாம்பு வாசம் பிள்ளைக்கு ஆகாது என்று எழுதிவிடுவார்கள் என்றார்கள், நாலு நாள் கதவைத் திறந்துபோட்டுக் குளிரில் நடுங்கினார்கள். பொம்மை வாங்கி வை என்றாள் மூன்றாவது வீட்டுக்காரி. பொம்மை இருந்தால் ஏற்கெனவே பிள்ளை இருக்கிறது என்று நினைக்க மாட்டார்களா என்று கேட்டாள் எட்டாவது வீட்டுக்காரி. வாங்கிய கரடிப் பொம்மை ஒரு நாள் அலுமாரி மேலே இருக்கும், மறுநாள் அலுமாரிக்குள் போகும். பிள்ளைக்குத் தனிக் கட்டில் வேண்டும் என்றார் வீரய்யா. சுதர்ஷினிக்கு அது பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. பிள்ளை தனியாகவா படுக்கும்? அணைத்துக்கொண்டு படுக்கத்தானே பிள்ளை?

பெண்ணா, பையனா, எத்தனை வயது, எதுவும் தெரியாது. எதற்குத் தயாராகிறோம் என்று தெரியாமல் தயாராவது என்ன தயார்! உலையில் தண்ணீர் கொதிக்கிறது, போடுவது அரிசியா மாவா என்று தெரியவில்லை, அந்த மாதிரி நின்றாள் அவள். மலையில் கை கொழுந்து பறிக்கும், மனது சுவரைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள் பக்கத்து வீட்டுக் காளியாயி. அறுபது வயது, பென்சன் எடுத்தவள். பென்சன் எடுத்தது மலையிலிருந்துதான், ஊர் விசாரணையிலிருந்து இல்லை.

"ஏ மதுரன் அம்மா, அந்த மிஸ் வாற அன்னிக்கு யாராச்சும் ஒன்னய மதுரன் அம்மான்னு கூப்புட்டா? பைலுல புள்ள இல்லன்னுல்ல எழுதிருக்கு?"

சுதர்ஷினிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆமாம். லயமே கூப்பிடுமே.

உடனே காளியாயி பொறுப்பை ஏற்றாள். பன்னிரண்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னாள், வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் அவள் சுதர்ஷினி, மதுரன் என்ற பேச்சே வரக்கூடாது என்று. "அட, அதுதான் அவ பேரா?" என்று பாதிப் பேர் கேட்டார்கள். ஒத்திகையும் நடந்தது. பீலிக்கரையில் நின்று "சுதர்ஷினி!" என்று கூப்பிட்டார்கள், அவள் குடத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "சுதர்ஷினி அக்கா!" என்று காதுக்குப் பக்கத்தில் கத்தினார்கள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளும் திரும்பித் தேடினாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குள் வந்து, சுவரில் ஆணியில் மாட்டியிருந்த மதுரன் படத்தைக் கழற்றி மாவு வாளிக்குப் பின்னால் வைத்தபோதுதான் அழுகை வந்தது. பிள்ளை வேண்டும் என்பதற்காகப் பிள்ளையை ஒளித்து வைக்கிறேனே, இது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

முத்துலிங்கம் வெறும் ஆணியைப் பார்த்தான். "ம்" என்றான்.

எல்லாம் தயார். அதிகாரி செவ்வாய்க்கிழமை வந்துவிட்டாள்.

பக்கத்துத் தோட்டத்தில் ஏதோ வேலையாக வந்தவள், அப்படியே இதையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆட்டோவை ரோட்டில் நிறுத்திவிட்டு ஏறி வந்திருக்கிறாள். ஹட்டன் டவுன்காரி, பெயர் ஷிராணி, நாற்பது வயது இருக்கும், கையில் பைல். பகல் பதினொரு மணி. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாம் மலையில். பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டு காளியாயி மட்டும்.

"இங்க சுதர்ஷினி வீடு எதுங்க?"

"சுதர்ஷினியா? அப்பிடி யாரும் இந்த லயத்துல இல்லீங்களே."

பிறகு எல்லோரும் அவளைப் பிடித்து உலுக்கியபோது காளியாயி ஒரு பதில் சொன்னாள். அந்தப் பேர் வியாழக்கிழமைக்குத்தானே, செவ்வாய்க்கிழமைக்கு யார் சொன்னது? அவள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

ஷிராணி பைலைத் திறந்து பார்த்தாள். "கணவர் பேர் முத்துலிங்கம்னு இருக்கு."

"அட, மதுரன் அப்பாவா! அஞ்சாவது வீடுங்க."

"மதுரன் யாரு?"

"அவங்க புள்ளதான்" என்றாள் காளியாயி. சொன்ன பிறகுதான் பைல் கண்ணில் பட்டது. கையிலிருந்த துணி நழுவித் தண்ணீரில் போனது. "இல்ல இல்ல மிஸ், அப்பிடி ஒரு புள்ளயே இல்லீங்க! நாங்க யாரும் பாத்ததே இல்லீங்க!"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. ஷிராணி பைலை மூடினாள். அந்த வீட்டு அம்மாவைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா என்று மட்டும் கேட்டாள். காளியாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஏறினாள், செய்த தப்புக்கு ஈடுகட்டுகிற வேகம். அதிகாரியும் பின்னாலேயே மெல்ல ஏறி வந்தது அவளுக்குத் தெரியாது.

"சுதர்ஷினி! ஏ சுதர்ஷினி!"

கொழுந்து நிரையில் நின்ற பெண்கள் ஒருவரும் திரும்பவில்லை. சுதர்ஷினியும் திரும்பவில்லை. நாளைக்கு மறுநாள் வரப்போகிற மிஸ்ஸுக்குத் தேத்தண்ணீரோடு பிஸ்கட் வைப்பதா, முறுக்கு வைப்பதா என்ற யோசனையில் இருந்தாள்.

"சுதர்ஷினி! ஒன்னயத்தான்டி! செவிடா நீ!" மூச்சு வாங்கியது காளியாயிக்கு. பொறுமை போய்விட்டது. "ஏ மதுரன் அம்மா!"

"என்னா மாமி?" என்று சட்டென்று திரும்பினாள் சுதர்ஷினி. திரும்பியவள் காளியாயிக்குப் பின்னால் பைலோடு நிற்கிற பெண்ணைப் பார்த்தாள். கையில் இருந்த கொழுந்து கூடைக்குள் போகாமல் காலடியில் விழுந்தது.

வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். வழியெல்லாம் ஷிராணி பேசியது பனியைப் பற்றி, பாதையைப் பற்றி. அதுவும் சுதர்ஷினிக்கு விளங்கவில்லை. கோபமாக இருக்கிறாளா, இல்லையா? கோபம் இருந்தால் ஏன் பாதையைப் பற்றிப் பேசுகிறாள்?

வீட்டுக்குள் வந்து ஷிராணி சுற்றிப் பார்த்தாள். சுண்ணாம்பைப் பார்த்தாளோ இல்லையோ, ஒன்றும் சொல்லவில்லை. தனிக் கட்டிலைப் பற்றிக் கேட்கவில்லை. கரடிப் பொம்மை அன்றைக்கு அலுமாரிக்குள் இருந்த நாள், அதையும் பார்க்கவில்லை. அடுப்பு எங்கே, கழிவறை எங்கே, பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் வந்தால் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள் என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று சுதர்ஷினிக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருசத்தில் எத்தனை தரம் போயிருக்கிறாள்! வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "போயிருவோங்க மிஸ்" என்றாள்.

ஷிராணி சுவரில் இருந்த வெறும் ஆணியை ஒரு நிமிசம் பார்த்தாள். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர், துருப்பிடித்த பழைய ஆணி.

"உங்களுக்குப் பிள்ளைகள் யாரும் இல்லைதானே?"

"புள்ள..." என்று ஆரம்பித்தாள். வீரய்யா சொல்லிக் கொடுத்த பதில் இரண்டே சொல்தான். முதல் சொல் வந்துவிட்டது, இரண்டாவது வரமாட்டேன் என்றது. அதைச் சொன்னால் பிள்ளை கிடைக்கும். சொன்னால், ஞாயிற்றுக்கிழமை போனில் "வைக்கிறேன்ம்மா" என்கிறவன் யார்? சொல்லாவிட்டால் பொய்க் கையெழுத்துக்காரி, பைலை மூடிவிடுவார்கள். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் நின்றாள்.

எழுந்து அடுப்பு இருக்கிற குசினிக்குப் போனாள். மாவு வாளிக்குப் பின்னால் இருந்து படத்தை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அதிகாரியின் பைல் மேலேயே வைத்தாள்.

"இவன்தாங்க மிஸ் மதுரன். தங்கச்சி புள்ள. பதினோரு மாசத்துலருந்து ஆறு வருசம் நான் வளத்தேன். காய்ச்சல் வந்தா இவரு தூக்கிக்கிட்டு ரோட்டு வரைக்கும் ஓடுவாரு, நான் டார்ச் அடிச்சுக்கிட்டுப் பின்னால ஓடுவேன். அதான் மிஸ் நீங்க கேட்ட ஆஸ்பத்திரி."

ஷிராணி பைலில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள். "இங்க 'இல்லை'ன்னு இருக்கே. யார் எழுதினது?"

வீரய்யாவைக் காட்டிக் கொடுப்பதா? "எழுதுனது யாரா இருந்தா என்னாங்க மிஸ். கையெழுத்து என்னோடது."

"ஏன் திருப்பிக் கொடுத்தீங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் வீரய்யா பயந்தார்.

"குடுக்கமாட்டேன்னுதான் மிஸ் சொன்னேன். மூணு நாள் ரெண்டு பேரும் சண்டை. பெத்தவ நானுன்னு அவ கத்துறா, வளத்தவ நானுன்னு நான் கத்துறேன். இவன் கதவுகிட்ட நின்னு அவளையும் பாக்குறான், என்னையும் பாக்குறான். யாருகிட்டப் போனா யாரு அழுவாங்கன்னு தெரியாம முழிக்கிறான். ஏழு வயசு கூட ஆவலீங்க. அந்த முழிய என்னால பாக்க முடியல. ஒருத்தர் விட்டாத்தான் அவனுக்கு நிம்மதி. அவ விடமாட்டா. அதான் நான் விட்டேன்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "அது தப்பா சரியான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க மிஸ். தப்புன்னா எழுதிக்குங்க."

ஷிராணி உடனே எழுதவில்லை. வெளியே காளியாயி ஜன்னலுக்குக் கீழே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழு லயத்துக்கும் செய்தி போய், சாப்பாட்டுக்கு இறங்கிய பெண்கள் ஆறேழு பேர் கூடையோடு இஸ்தோப்போரம் நின்றார்கள்.

"ஒன்னு கேக்கிறேன்" என்றாள் ஷிராணி. "நாளைக்கு ஒரு பிள்ளை இந்த வீட்டுக்கு வருதுன்னு வைங்க. இவங்க எல்லாம் உங்களை மதுரன் அம்மான்னே கூப்பிடுவாங்க. வந்த பிள்ளை, அப்ப நான் யாருன்னு கேக்கும். என்ன சொல்லுவீங்க?"

ஒரு வாரமாக எந்தக் கேள்விக்கும் பதில் தெரியாமல் தவித்தவள், இதற்கு யோசிக்கவே இல்லை. இவ்வளவு படித்த மிஸ்ஸுக்கு இதுகூடத் தெரியாதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இவன் மூத்தவன்தானேங்க மிஸ்? எத்தன புள்ள வந்தாலும் மூத்த புள்ள பேரச் சொல்லித்தானே அம்மாவக் கூப்புடுவாங்க? நீ ரெண்டாவதுடான்னு சொல்லுவேன்."

ஜன்னலுக்குக் கீழே காளியாயி மூக்கைச் சிந்துகிற சத்தம் உள்ளே கேட்டது.

ஷிராணி பேனாவைத் திறந்தாள். "இல்லை" என்று இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் நாலு வரி எழுதினாள். சிங்களத்தில் எழுதினாள். சுதர்ஷினிக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. உருண்டை உருண்டையான அந்த நாலு வரியையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நல்லதா, கெட்டதா? கேட்கலாமா, கேட்டால் தப்பாகுமா? தேத்தண்ணீர் ஊற்றவே மறந்துபோனது அதிகாரி வாசலுக்குப் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. பிஸ்கட்டும் இல்லை, முறுக்கும் இல்லை. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஷிராணி குறுக்குப் பாதையில் இறங்கினாள். பீலிக்கரையைத் தாண்டி, வளைவில் நின்று திரும்பினாள். லயம் முழுக்க இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"மதுரன் அம்மா!"

"என்னாங்க மிஸ்?" என்று முதல் சத்தத்திலேயே முன்னால் வந்தாள் சுதர்ஷினி.

"வியாழக்கிழமையும் வருவேன். அவரையும் வீட்டில் இருக்கச் சொல்லுங்க. அந்தப் படத்தை எடுத்த இடத்திலேயே மாட்டி வைங்க."

ஆட்டோ போகிற சத்தம் அடங்கியது. காளியாயிக்குத்தான் இன்னும் ஒன்றும் தெளியவில்லை.

"ஏ புள்ள, அப்ப வியாழக்கிழமைக்கு என்னா பேரு சொல்லித்தான் கூப்புடுறது?"

சுதர்ஷினி உள்ளே போனாள். ஆணி அங்கேயேதான் இருந்தது. படத்தை மாட்டிவிட்டு, அலுமாரியைத் திறந்து கரடிப் பொம்மையை எடுத்து, அதற்குக் கீழே வைத்தாள்.

"மூத்தவன் பேரச் சொல்லியே கூப்புடுங்க மாமி" என்றாள் உள்ளேயிருந்து.

மணி ஒன்றாகிவிட்டது. அவளையும் சேர்த்து எல்லோரும் மறுபடி மலைக்கு ஏறினார்கள்.